புது போன் கான்ட்ராக்டும் கிரெடிட் ஸ்கோரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது மாடல் போன் ஒன்று சந்தைக்கு வந்ததும் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "கான்ட்ராக்ட்ல எடுத்தா ஸ்கோர் இறங்கிடுமா?" என்று கேட்பார். கிரெடிட் ஸ்கோர் என்பது, வாங்கிய கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவீர்களா என்று காட்டும் எண். மாதாமாதம் பணம் கட்டும் ஒப்பந்தத்தில் போன் எடுத்தால், அந்த நிறுவனம் முதலில் உங்கள் கடன் வரலாற்றை, அதாவது கிரெடிட் ரிப்போர்ட்டை, எடுத்துப் பார்க்கும். பார்த்தாலே ஸ்கோர் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். போன்தானே, இதில் என்ன கடன் என்று சிலர் கண்டுகொள்வதே இல்லை. நான் வங்கி ஆள் இல்லை. என் ரிப்போர்ட்டையும், கேட்டு வந்தவர்களின் ரிப்போர்ட்டையும் வரிவரியாகப் படித்துப் படித்துக் கற்றதுதான் இது. நாட்டுக்கு நாடு விதி மாறும் இடங்களில் அதையும் குறித்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். இறங்குமா, இறங்காதா?

கொஞ்சம் இறங்கலாம், சில மாதத்தில் திரும்பிவிடும். மற்றக் கடன்களை ஒழுங்காகக் கட்டிவருபவருக்கு ஒரே ஒரு போன் கான்ட்ராக்டுக்கான சோதனை கவலைப்படும் விஷயமே இல்லை. கவனம் வேண்டியது கையெழுத்துப் போட்ட பிறகு வரும் இரண்டு மூன்று வருடத்தில். குறிப்பாக, கான்ட்ராக்டை விட்டு வெளியே வரும் மாதத்தில்.

ப்ரீபெய்டுக்கு யாரும் சோதிப்பதில்லையே, இதற்கு மட்டும் ஏன்?

ப்ரீபெய்டில் முதலில் காசு, பிறகு பேச்சு. கான்ட்ராக்டில் முதலில் பேச்சு, பிறகு காசு. இடையில் இருக்கும் அந்த மாதத்துக்கு நீங்கள் கடனாளி. சிம் மட்டும் என்றால் அது சின்னக் கடன். போனையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கே வேறு. விலை உயர்ந்த ஒரு பொருளைக் கையில் தந்துவிட்டு 24 மாதமோ 36 மாதமோ காத்திருந்து வசூலிக்கப் போகிறார்கள். "0% வட்டி" என்று விளம்பரத்தில் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அது தவணைக் கடன்தான்.

பல இடங்களில் இப்போது போனுக்கு ஒரு ஒப்பந்தம், சேவைக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். பிரிட்டனில் ஓ2 நிறுவனம் 2013-ல் இப்படிப் பிரித்து ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்படிப் பிரித்த கான்ட்ராக்டாக இருந்தால், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு கணக்காகத் தெரியக்கூடும். பார்த்துப் பதற வேண்டாம்.

சோதனை என்றால் எதைப் பார்க்கிறார்கள்? என் ஸ்கோரையா?

நீங்கள் ஆப்பில் பார்க்கும் அந்த எண்ணை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எல்லாருடைய கடன் விவரங்களையும் சேர்த்து வைக்கும் கிரெடிட் பீரோவிடமிருந்து வருவது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் விவரங்கள்: நீங்கள் சொன்ன முகவரியில்தான் இருக்கிறீர்களா, ஏற்கெனவே என்னென்ன கடன், எதிலாவது நிலுவை உண்டா, சமீபத்தில் எத்தனை இடத்தில் கடன் கேட்டிருக்கிறீர்கள். இதோடு தங்களிடம் உள்ள பழைய பதிவுகளையும் சேர்த்துத் தங்கள் கணக்குப்படி ஒரு முடிவுக்கு வருவார்கள். அதனால்தான் ஒரே ஆளுக்கு ஒரு கம்பெனி "சரி" என்கிறது, பக்கத்துக் கம்பெனி "முடியாது" என்கிறது.

அமெரிக்காவில் இன்னொன்றும் உண்டு. என்சிடியுஇ என்று தொலைபேசி, மின்சாரம் போன்ற சேவை நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் தகவல் களஞ்சியம். பழைய போன் கம்பெனியில் விட்டுவந்த பாக்கி, வழக்கமான ரிப்போர்ட்டில் கண்ணில் படாவிட்டாலும் அங்கே உட்கார்ந்திருக்கலாம். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தும் போன் கம்பெனிகள் மட்டும் மறுத்துக்கொண்டே இருந்தால், அங்கே உங்கள் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஹார்டு என்கொயரி, சாஃப்ட் என்கொயரி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

நீங்கள் கடன் கேட்டு, அதற்காக ஒரு நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை முழுதாகத் திறந்து பார்த்தால் அது ஹார்டு என்கொயரி. அது பதிவாகும்; அடுத்து வருகிறவர்களும் அதைப் பார்க்கலாம்; ஸ்கோரிலும் கணக்காகும். உங்கள் ஸ்கோரை நீங்களே பார்ப்பது, ஏற்கெனவே உள்ள வங்கி உங்களைக் கணக்குக்காக ஒருமுறை பார்த்துக்கொள்வது, "உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டா" என்று மேலோட்டமாகப் பார்ப்பது, இவையெல்லாம் சாஃப்ட். இது உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஸ்கோருக்கு இதனால் ஒரு புள்ளிகூடக் குறையாது.

போன் கான்ட்ராக்டுக்கு எது விழும் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. போனோடு சேர்ந்த கான்ட்ராக்ட் என்றால் ஹார்டு என்றே வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

எவ்வளவு குறையும்? எத்தனை நாள் இருக்கும்?

அமெரிக்காவில் பெரும்பாலான கடன் நிறுவனங்கள் பயன்படுத்தும் ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை. ஒரு ஹார்டு என்கொயரிக்குப் பலருக்கு ஐந்து புள்ளிக்கும் குறைவாகத்தான் இறங்கும் என்று ஃபைகோவே சொல்கிறது. என்கொயரி ரிப்போர்ட்டில் இரண்டு வருடம் இருக்கும். ஆனால் ஸ்கோர் போடும்போது கடைசி 12 மாதத்தில் நடந்தவற்றை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள்.

இந்த ஐந்து புள்ளி எவ்வளவு சின்னது என்று தெரிய வேண்டுமானால் மீதிக் கணக்கைப் பாருங்கள். ஃபைகோவில் 35 சதவீதம், பணத்தை நேரத்துக்குக் கட்டினீர்களா என்பதற்கு. 30 சதவீதம், கடன் எவ்வளவு பாக்கி என்பதற்கு. 15 சதவீதம், கணக்குகளின் வயதுக்கு. 10 சதவீதம், எந்தெந்த வகைக் கடன் என்பதற்கு. மீதி 10 சதவீதம்தான் புதுக் கடன். என்கொயரி அந்தப் பத்துக்குள் ஒரு மூலையில் இருக்கிறது. ஊரே பயப்படுவது அந்த மூலையைப் பார்த்து!

மற்ற நாடுகளில் காலம் மாறும். பிரிட்டனில் ஹார்டு சர்ச் என்பார்கள். பொதுவாக ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் வரை தெரியும். கனடாவில் ஈக்விஃபேக்ஸ் என்ற பீரோவின் ரிப்போர்ட்டில் மூன்று வருடம், டிரான்ஸ்யூனியனில் ஆறு வருடம் வரை. ஆஸ்திரேலியாவில் ஐந்து வருடம். தெரிவது வேறு, பாதிப்பது வேறு. ரிப்போர்ட்டில் வரி இருக்கும். அதன் காரம் சில மாதத்திலேயே இறங்கிவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடன் வரலாறே மெலிதாக, ஒரு கார்டும் ஆறு மாத வயதுமாக இருப்பவருக்கு அதே என்கொயரி கொஞ்சம் பலமாகவே விழும். பத்துப் பதினைந்து வருட வரலாறு உள்ளவர் ரிப்போர்ட்டில் அது கூட்டத்தில் ஒரு ஆள்.

நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கலாமா?

விலையும் திட்டமும் எத்தனை கடையில் வேண்டுமானாலும் விசாரியுங்கள், அதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. விண்ணப்பம் மட்டும் ஒரே இடத்தில் போடுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக் கடன், கார் கடன், படிப்புக் கடன் மூன்றுக்கும் ஒரு சலுகை உண்டு. புதிய ஃபைகோ முறைகளில் 45 நாளுக்குள் எத்தனை வங்கியில் கேட்டாலும் அதை ஒரே என்கொயரியாக எண்ணுவார்கள். "அதே மாதிரி போனுக்கும் ஒண்ணாத்தான் எண்ணுவாங்க" என்று ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டு ஒரே வாரத்தில் மூன்று கம்பெனியில் விண்ணப்பித்தார். எண்ண மாட்டார்கள். போனுக்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்று விண்ணப்பம் என்றால் மூன்று வரி. முதல் கம்பெனி மறுத்ததும் அடுத்ததற்கு ஓடும்போது, இரண்டாவது கம்பெனியின் கண்ணில் நீங்கள் ஏற்கெனவே ஒரு இடத்தில் கேட்டுவிட்டு வந்தவர். மூன்றாவதற்குப் போகும்போது இன்னும் மோசம்.

சில நிறுவனங்கள் தங்கள் இணையப் பக்கத்திலேயே "தகுதி பார்க்க" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கின்றன. அது சாஃப்ட் என்று எழுதியிருந்தால் தாராளமாக அழுத்துங்கள்.

ஹார்டு என்கொயரி சரியாக எந்த நேரத்தில் விழுகிறது?

கடையில் நடப்பதைக் கவனியுங்கள். விற்பனையாளர் டேப்லெட்டில் உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, அந்த முகவரியில் எத்தனை வருடம், என்ன வேலை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். கூடவே கேஸ் வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்றும் கேட்பார். அதுவரை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் டேப்லெட்டை உங்கள் பக்கம் திருப்பி, "இங்க ஒரு டிக் மட்டும் போடுங்க" என்பார். பெட்டிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி இருக்கும். கடன் தகவல் நிறுவனத்திடம் உங்கள் விவரத்தைக் கேட்க நீங்கள் சம்மதிக்கிறீர்கள் என்பதுதான் அதன் சாரம். டிக் போட்டதும் திரையில் ஒரு வட்டம் சில வினாடி சுற்றும். என்கொயரி விழுவது அந்தச் சுற்றில்தான்.

ஆகவே கேட்க வேண்டிய நேரம் டிக்குக்கு முன்னால்: "இது ஹார்டா, சாஃப்டா?" விற்பனையாளருக்கே தெரியாமல் இருக்கலாம், அடிக்கடி தெரியாது. "சும்மா ஒரு செக்தான் சார்" என்று பதில் வந்தால் அதை ஹார்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா விலை கேட்க வந்த இடத்தில் எந்தத் திரையிலும் டிக் போடாதீர்கள்.

மறுத்துவிட்டார்கள். அது ரிப்போர்ட்டில் ஏறுமா?

மறுத்தது ஏறாது. கேட்டது மட்டும்தான் ஏறும். ரிப்போர்ட்டில் நிறுவனத்தின் பெயரும் தேதியும் இருக்கும். கொடுத்தார்களா இல்லையா என்று இருக்காது. ஆனால் என்கொயரி இருந்து, அதைத் தொடர்ந்து புதுக் கணக்கு எதுவும் வரவில்லை என்றால், பார்க்கிறவர் ஊகித்துக்கொள்ளலாம்.

காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் ரிப்போர்ட்டைப் பார்த்து மறுத்தால், எந்த பீரோவின் ரிப்போர்ட் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்; 60 நாளுக்குள் கேட்டால் அந்த ரிப்போர்ட் உங்களுக்கு இலவசம். பிரிட்டனிலும் கடன் ஒப்பந்தத்தை அப்படி மறுத்தால் எந்த ஏஜென்சியைப் பார்த்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். அதை வாங்கிப் படிக்காமல் அடுத்த கடைக்குப் போகாதீர்கள்.

ஸ்கோர் நன்றாக இருக்கிறது, இருந்தும் ஏன் மறுத்தார்கள்?

பெரும்பாலும் பொருத்தம் பார்ப்பதில் தட்டிவிடும். வீடு மாறியிருப்பீர்கள், வங்கியில் பழைய முகவரி, கடையில் புது முகவரி. கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே ஆள் என்று நம்பாது.

நம் பெயர்களுக்கு இது கூடுதல் தலைவலி. முதலெழுத்தை முன்னால் போட்ட பெயர் ஒரு கணக்கில், அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பின்னால் போட்டது இன்னொரு கணக்கில், பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து எழுதியது மூன்றாவதில். ஒரு உறவினரின் ரிப்போர்ட்டை எடுத்தபோது கிரெடிட் கார்டு ஒரு பெயரில் ஏழு வருட வரலாற்றோடு இருந்தது. போனுக்கு விண்ணப்பித்தது வேறு வடிவத்தில். போன் கம்பெனியின் பார்வையில் அவர் நேற்றுப் பிறந்த குழந்தை. வங்கியில் சொல்லிப் பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றினார், இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டார், கிடைத்தது. அடையாள அட்டை, வங்கி, விண்ணப்பம் மூன்றிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. இதைச் செய்யக் காசு ஆகாது.

புது நாட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கான்ட்ராக்ட் கிடைக்குமா?

சொந்த நாட்டில் உங்கள் ஸ்கோர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பொதுவாக அது கூட வராது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று பெயர் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனிப் பதிவு.

முதலில் ப்ரீபெய்டில் ஆரம்பியுங்கள். வங்கிக் கணக்கும் நிலையான முகவரியும் வந்ததும், போன் இல்லாமல் சிம் மட்டும் உள்ள மாதாந்தரத் திட்டம். போனைக் கையில் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள், பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. சில நிறுவனங்கள் டெபாசிட் வாங்கிக்கொண்டு கான்ட்ராக்ட் கொடுக்கும். ஒழுங்காகக் கட்டினால் பிறகு திருப்பித் தரும்.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவோடு அங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. கடன் கொடுப்பவர்கள் உங்கள் முகவரியை உறுதி செய்ய முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான்.

மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் ஏறுமா?

நாட்டைப் பொறுத்தது, இங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் போன் கான்ட்ராக்ட் பொதுவாக ஒரு கணக்காகவே ரிப்போர்ட்டில் வரும். நேரத்துக்குக் கட்டினால் அது உங்களுக்குச் சாட்சி. அமெரிக்காவில் பெரும்பாலும் வராது. 24 மாதம் ஒரு நாள் தவறாமல் கட்டியதைச் சொல்ல ஆள் இல்லை. கட்டாமல் வசூல் ஏஜென்சிக்குப் போனால் மட்டும் உடனே சொல்வார்கள். எக்ஸ்பீரியன் 2019-ல் பூஸ்ட் என்று ஒரு வசதியை அங்கே கொண்டுவந்தது. வங்கிக் கணக்கை இணைத்தால் போன் பில் கட்டியதையும் எக்ஸ்பீரியன் ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொள்ளும். மற்ற இரண்டு பீரோவில் அது தெரியாது.

ஆஸ்திரேலியாவிலும் மாதாமாதம் கட்டிய விவரத்தை உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் மட்டும்தான் பீரோவில் பதியலாம். தொலைபேசி நிறுவனங்கள் பதிய முடியாது. ஆனால் என்கொயரியையும், கட்டாமல் விட்டதையும் பதியலாம்! ஜெர்மனியில் ஷூஃபா என்னும் கடன் தகவல் நிறுவனம், ஒழுங்காக நடக்கும் தொலைபேசி ஒப்பந்தங்களின் பதிவுகளை நீக்கப்போவதாக 2023-ல் அறிவித்தது.

ஸ்கோரை ஏற்றுவதற்காகவே போன் கான்ட்ராக்ட் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அதற்கு ஒரு சின்ன லிமிட் கிரெடிட் கார்டு எடுத்து முழுதாகக் கட்டிவருவது நேர்வழி.

போனை இஎம்ஐயில் வாங்கினால்?

இந்தியாவில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. கடையில் நிதி நிறுவன ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடத்தில் இஎம்ஐ போட்டுத் தருவார். அது போஸ்ட்பெய்ட் பில் இல்லை, நுகர்பொருள் கடன். ஹார்டு என்கொயரி விழும், 300 முதல் 900 வரை ஸ்கோர் போடும் சிபில் என்ற இந்திய பீரோவின் ரிப்போர்ட்டில் கடன் கணக்காகவே ஏறும், ஒவ்வொரு தவணையும் பதிவாகும். நல்லபடி கட்டினால் நல்லது. தவணைத் தேதிக்கு முதல் நாள் வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் இல்லாமல் தவணை ஒருமுறை திரும்பினால் நிதி நிறுவனம் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம், ரிப்போர்ட்டில் ஒரு கறை.

கிரெடிட் கார்டில் இஎம்ஐயாக மாற்றினால் புது என்கொயரி பொதுவாக இல்லை. ஆனால் போன் விலை கார்டு லிமிட்டில் அடைபட்டுவிடும். லிமிட்டில் பாதிக்கு மேல் பயன்பாட்டில் இருப்பதாகத் தெரிந்தால், ஹார்டு என்கொயரி இறக்குவதைவிட அதிகமாகவே ஸ்கோர் இறங்கும்.

பில் ஒரு நாள் தள்ளிப்போனால் தொலைந்ததா?

இல்லை. அபராதம் போடுவார்கள், குறுஞ்செய்தி வரும். ஒரு முழு மாதம் தாண்டும்போதுதான் பொதுவாக ரிப்போர்ட்டில் தாமதம் என்று ஏறும். பிரிட்டனில் மூன்று முதல் ஆறு மாதம் வரை நிலுவை நின்றால் டீஃபால்ட், அதாவது கட்டத் தவறியவர் என்று, பதிவாகும், அது ஆறு வருடம் இருக்கும். அமெரிக்காவில் வசூலுக்குப் போன கணக்கு ஏழு வருடம். ஆஸ்திரேலியாவில் 150 டாலர் அல்லது அதற்கு மேல், 60 நாள் தாண்டிய பாக்கியை நோட்டீஸ் அனுப்பிவிட்டு டீஃபால்ட் என்று பதியலாம். ஐந்து வருடம் நிற்கும்.

என்கொயரியின் ஐந்து புள்ளிக்குப் பக்கத்தில் இந்த வருடங்களை வைத்துப் பாருங்கள்.

கடைசி பில் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நானே மாட்டிய கதை இது. ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்தது. அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறினேன். மாறிய அன்றைக்கே வங்கியில் பழைய கம்பெனிக்கான ஆட்டோ டெபிட்டை நிறுத்தினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. கான்ட்ராக்ட் முடிந்த தேதிக்கும் எண் மாறிய தேதிக்கும் நடுவில் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளுக்கு ஒரு பில் போட்டிருக்கிறார்கள். பஸ் டிக்கெட் காசு அளவு தொகை.

பில் பழைய கம்பெனி ஆப்பில் வந்தது; எண் மாறியதால் ஆப்பில் உள்ளே போக முடியவில்லை. கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. நினைவூட்டும் குறுஞ்செய்தி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ஏழு மாதம் கழித்து வசூல் ஏஜென்சியிலிருந்து ஒரு கடிதம், எப்படியோ என் புது முகவரியைக் கண்டுபிடித்து வந்தது. அன்றே கட்டினேன். ரிப்போர்ட்டில் "தீர்க்கப்பட்டது" என்று மாறியது; வரி போகவில்லை. பத்து வருடம் தவறாமல் கட்டிய கார்டும், அந்த ஒன்பது நாளும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக இருந்தன.

அதிலிருந்து நான் செய்வது: எண் மாற்றிய பிறகு இரண்டு பில் சுழற்சி வரை ஆட்டோ டெபிட்டைத் தொடமாட்டேன். பழைய கம்பெனியைக் கூப்பிட்டு "பாக்கி பூஜ்யம், கணக்கு மூடப்பட்டது" என்று ஈமெயிலில் எழுதி வாங்குவேன். அந்த ஈமெயிலை அழிக்கவே மாட்டேன். தொகையில் தகராறு இருந்தால், சின்னத் தொகைக்கு என் ஆலோசனை, "ஒப்புக்கொள்ளாமல் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டிவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள். கட்டாமல் சண்டை போட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நாள் ஓடுவது உங்கள் ரிப்போர்ட்டில்.

வீட்டுக் கடன் கேட்கப்போகிறேன், நடுவில் போன் மாற்றலாமா?

பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஐந்து புள்ளியைவிட மாதத் தவணைதான் பிரச்சினை. வங்கி உங்கள் வருமானத்தில் எவ்வளவு ஏற்கெனவே கடனுக்குப் போகிறது என்று பார்க்கும். விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதமும், கடன் கைக்கு வரும் வரையும் புதுக் கணக்கு எதுவும் வேண்டாம். ஒப்புதல் கொடுத்த பிறகும் கடைசி நேரத்தில் வங்கி மறுபடி ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பதுண்டு.

தம்பிக்கு என் பெயரில் எடுத்துக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். பில்லை நீங்களே கட்டுவதாக நினைத்துக்கொண்டு கொடுங்கள். அவர் ஒரு மாதம் மறந்தால் ரிப்போர்ட்டில் ஏறுவது உங்கள் பெயர்தான்.

14 நாளுக்குள் போனைத் திருப்பிவிட்டேன். என்கொயரி போய்விடுமா?

போகாது. கணக்கு மூடப்படும், பார்த்தது பார்த்ததுதான்.

நான் கேட்காத போன் கம்பெனி பெயரில் ஒரு என்கொயரி இருக்கிறது.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். அடுத்தவர் பெயரில் போன் கான்ட்ராக்ட் எடுத்து, போனை விற்றுவிட்டு ஓடுவது பழைய திருட்டு. கடையில் டிக் போட்டது நினைவில்லாமல் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். தாய் நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தாலும் அடையாளம் தெரியாமல் போகும். அதுவும் இல்லை என்றால் அன்றே அந்த போன் கம்பெனிக்கும் பீரோவுக்கும் எழுதுங்கள். இந்தியாவில் புகாரை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில், புதுக் கடனுக்காக யாரும் திறந்து பார்க்க முடியாதபடி ரிப்போர்ட்டைப் பூட்டி வைப்பது 2018 முதல் இலவசம். முன்பு சொன்ன என்சிடியுஇ பதிவைத் தனியாகப் பூட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் முதலில் 21 நாளுக்குத் தடை போடலாம், தேவையானால் நீட்டிக்கலாம்.

பூட்டியதை மறந்துவிட்டுப் புது போனுக்கு விண்ணப்பித்து, "மறுக்கப்பட்டது" என்று வந்ததும் பதறி என்னைக் கூப்பிட்டவர்கள் இருவர். விண்ணப்பிக்கும் முன் பூட்டைத் திறக்க வேண்டும்.

ரிப்போர்ட்டை எங்கே பார்ப்பது? பார்த்தால் குறையுமா?

நீங்கள் பார்த்தால் குறையாது, தினம் பார்த்தாலும். அமெரிக்காவில் மூன்று பீரோவின் ரிப்போர்ட்டும் வாரம் ஒருமுறை இலவசம். பிரிட்டனில் சட்டப்படியான ரிப்போர்ட் இலவசம். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். ஸ்கோர் எண்ணை விட்டுவிட்டு உள்ளே போங்கள். போன் கம்பெனியின் பெயர், திறந்த தேதி, மாதக் கட்டங்கள். கட்டிய மாதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நிறம் மாறிய கட்டம் இருந்தால் அந்த மாதத்து வங்கி ஸ்டேட்மென்ட்டைத் தேடி எடுங்கள்.

அதே கம்பெனியில் அப்கிரேட் செய்தால் மறுபடி சோதிப்பார்களா?

பழைய வாடிக்கையாளர் என்று சாஃப்டோடு விடுவதும் உண்டு. புதுப் போன், புதுத் தவணை என்பதால் ஹார்டு போடுவதும் உண்டு. பழைய போனின் தவணை பாக்கி இருக்கும்போது "அதை நாங்க பாத்துக்கறோம்" என்றால், பாக்கியை அவர்கள் தீர்க்கிறார்களா, புதுத் தவணையோடு சேர்க்கிறார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டைத் திறந்து பழைய கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். திறந்தே இருந்தால் அந்த எழுத்தோடு கடைக்குப் போங்கள்.